லிஃப்ட்காரர் காட்டிய வீடு

வீட்டுத் தரகர்கள் என்றாலே எனக்கு ஆகாது. காற்றே வராத அறையை ‘அடக்கமான அறை’ என்பார்கள். வேர்க்க விறுவிறுக்க அரை மணி நேரம் நடந்தால் வரும் பேருந்து நிறுத்தத்தை ‘இதோ, கூப்பிடு தூரம்தான்’ என்பார்கள். எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். “எங்க, கூப்பிடுங்க, பஸ் வருதான்னு பாக்கலாம்” என்று ஒருவரை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டிருக்கிறேன். அப்படி நான்கு பேரை விரட்டிவிட்ட பிறகு ஐந்தாவதாக வந்து சேர்ந்தவர்தான் லிஃப்ட்காரர்.

தரகுக்கு வருவதற்கு முன் பதினாறு வருடம் அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் பக்கத்து அடுக்குமாடிக் கட்டடங்களில் பாதிக்கு மேல் லிஃப்ட் மாட்டியது அவர் கைதான். ஒருநாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது வழுக்கி விழுந்து முழங்கால் சில்லு நொறுங்கிவிட்டது. இனிமேல் குழியில் இறங்கக் கூடாது, ஏணியில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கொடுங்கள் என்று கம்பெனியில் கெஞ்சியும் பார்த்தார், நடக்கவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவரை உலுக்கி எழுப்பியது அவர் மனைவி.

“எந்தக் கட்டடத்துல யாரு வராங்க, யாரு போறாங்கன்னு லிஃப்ட்டுக்குத்தான் முதல்ல தெரியும். லிஃப்ட்டுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாமலா போயிடும்?” என்று கேட்டாராம்.

அந்த அம்மா சொன்னது சரிதான். கட்டிலும் பீரோவும் லிஃப்ட்டில் இறங்கினால் ஒரு வீடு காலி. தொட்டில் ஏறினால் அந்தக் குடும்பம் இன்னும் ஒரு வருடத்தில் பெரிய வீடு தேடும். எல்லாக் கட்டடத்துக் காவலாளிகளும் அவருக்குப் பழைய சிநேகிதர்கள். மூன்றே மாதத்தில் தொழில் பிடிபட்டுவிட்டது. ஆனால் அவர் அந்தத் தொழிலைச் செய்த விதம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்துப்போனது. எந்த வீட்டைக் காட்டினாலும், பூட்டில் சாவியைப் போடுவதற்கு முன்னால் அந்த வீட்டின் குறையை எல்லாம் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால்தான் கதவைத் திறப்பார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நாலாவது மாடியில் ஏழாம் நம்பர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்.

“முதல்லயே சொல்லிடறேன் தங்கச்சி. மழை பெஞ்சா குளியலறைக் கதவு உப்பிக்கும், இழுத்துத்தான் திறக்கணும். மேல தொட்டிக்குத் தண்ணி ஏத்துற மோட்டார் விடியக்காலைல முனகும். எதிர்வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்.” என்னை ஒரு பார்வை பார்த்தார். “அது உங்களுக்கும் வரும்னு இதுக்கு முன்னாடி வந்த தரகர் சொன்னாரு. பொருத்தம் நல்லாத்தான் இருக்கு.”

என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. உள்ளே போனோம். பால்கனிக்கு வெளியே சாலை, சாலையோரத்தில் வரிசையாக மரங்கள், ஜன்னலைத் திறந்ததும் காற்று குபுகுபுவென்று வந்தது. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டோம்.

எதிர்வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார், அவருக்கு அது சொந்த வீடு. லிஃப்ட்காரர் சொன்ன பொருத்தம் பொய்க்கவில்லை. அவருடைய செருப்பு அலமாரி நடைவழியில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். நான் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒருநாள் அவருடைய ஒரு ஜோடிச் செருப்பைப் படிக்கட்டில் உருட்டிவிட்டேன். அது மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. அலமாரி வீட்டுக்குள் போனது, எங்கள் பேச்சுவார்த்தையும் அன்றோடு நின்றது. ஆறு வருடம் ஒரே லிஃப்ட்டில் ஏறி இறங்கினோம், ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு.

என் வீட்டுக்காரர் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் கண் நரம்பில் நோய் வந்து, ஏழெட்டு மாதத்தில் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அதைப் பற்றி நிறைய எழுத எனக்குத் தெம்பு இல்லை. வேன் போயிற்று, நான் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் சம்பாதிப்பதுதான் என்று ஆயிற்று. வீட்டு ஓனர் வேறு ஊரில் இருக்கிறார். விஷயம் காதுக்கு எட்டியதும், வாடகை ஒழுங்காக வருமோ வராதோ என்று எங்களைக் காலி செய்யச் சொன்னார். லிஃப்ட்காரர் நேரே அவர் ஊருக்கே போய்ப் பேசினார். என்ன பேசினாரோ தெரியாது, அதற்குப் பிறகு ஓனர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஊரில் இருந்து திரும்பிய மறுநாள் லிஃப்ட்காரர் வந்து, லிஃப்ட்டில் நாலாவது மாடிப் பொத்தான்மேல் ஒரு சின்னப் பாசிமணியைப் பசை போட்டு ஒட்டிவிட்டார். “தடவிப் பாத்து அமுக்கிக்கலாம்” என்றார். இதற்கெல்லாம் அவருக்கு யாரும் தரகு கொடுக்கவில்லை.

மெல்ல மெல்ல என் வீட்டுக்காரர் அந்த வீட்டை மனப்பாடம் செய்துகொண்டார். வாசலில் இருந்து சமையலறைக்கு ஏழு காலடி, வலது கை நீட்டினால் நிலைப்படி. அங்கிருந்து திரும்பி நான்கு எட்டு வைத்தால் தண்ணீர்ப் பானை. இப்போது காய் நறுக்குவார், சோறு வடிப்பார், துணி காயப்போடுவார். தண்ணீர் கேன் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே ஃபோனில் ஆர்டர் எடுக்கிறார். முதன்முதலாகத் தானே காபி போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்த அன்று ஓவென்று அழுதேன். வெளியே இறங்கினால் அவருக்கு என் தோள் வேண்டும். அந்த வீட்டுக்குள் யாரும் வேண்டாம்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஓனர் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். வேறு வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரர் திரும்பவும் முதல் எட்டில் இருந்து தொடங்க வேண்டும். இன்னொரு தடவை அவர் சுவரைத் தடவித் தடவி நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது. வேன் விற்ற பணம், என் நகை, வங்கிக் கடன் எல்லாம் சேர்த்து நாமே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். லிஃப்ட்காரர் பேசி விலை படிந்தது. வங்கியில் இருந்து ஒருவர் வந்தார், கதவில் ஏழு என்று இருப்பதைப் பார்த்தார், காகிதத்தில் டிக் அடித்தார், போய்விட்டார். இரண்டு நாளில் முன்பணம், அடுத்த மாதம் பத்திரம் என்று பேச்சு.

வாடகைக்கு விடும்போது செய்யாத ஒரு வேலையை லிஃப்ட்காரர் விற்பனை என்றால் கட்டாயம் செய்வார். பத்திரத்தோடு இருக்கும் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அறையிலும் போய் நின்று பார்ப்பார். லிஃப்ட் மாட்டிய காலத்துப் பழக்கம். எங்கள் வீட்டிலும் அப்படி நொண்டி நொண்டிச் சுற்றினார். நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். பால்கனிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். படத்தைத் திருப்பிப் பிடித்தார், நேராகப் பிடித்தார். அப்புறம் சமையலறை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார், முகம் வெளிறிப்போய் இருந்தது.

“என்னண்ணே, கால் வலிக்குதா?”

“ஆமா தங்கச்சி” என்றார். காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஃபோன் எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. முன்பணம் கொடுக்க வேண்டிய நாள் அது. இவரும் மற்றத் தரகர்கள் மாதிரிதான், அதிக விலைக்கு வேறு ஆள் கிடைத்திருப்பான், நம்மைக் கழற்றிவிட்டார் என்று நானே முடிவுகட்டி வாயில் வந்தபடி திட்டினேன். என் வீட்டுக்காரர் மட்டும், “வாயை அடக்கு, அவரு வருவாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் வந்தார். சேரில் உட்காரவில்லை, தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

“ரெண்டு நாளா உங்களுக்குத் தெரியாமலே விட்டுடலாம்னுதான் இருந்தேன்” என்று தொடங்கினார். “யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. ஆனா சோறு இறங்கல. நீங்க வாங்கப்போற பத்திரத்துல இருக்கறது இந்த வீடு இல்ல தங்கச்சி. எதிர்வீடு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வரைபடத்தைத் தரையில் விரித்துக் காட்டினார். ஏழாம் நம்பருக்குப் பால்கனிக்கு வெளியே ‘அடுத்த கட்டடம்’ என்று எழுதியிருந்தது. எட்டாம் நம்பருக்குத்தான் ‘சாலை’. எங்கள் பால்கனிக்கு வெளியே சாலை. படத்தில் ஏழாம் நம்பருக்குச் சமையலறை இடது பக்கம், எங்களுக்கு வலது பக்கம். நாங்கள் ஒன்பது வருடமாகக் குடியிருப்பது காகிதப்படி எட்டாம் நம்பர். அது மருந்துக்கடைக்காரருடையது. எங்கள் ஓனருக்குச் சொந்தமான ஏழாம் நம்பரில் மருந்துக்கடைக்காரர் குடியிருக்கிறார். இத்தனை வருடம் யாரும் கவனிக்கவில்லை. பத்திரத்தை யார் படிக்கிறார்கள்? பீரோவில் வைத்துப் பூட்டத்தானே வாங்குகிறோம்.

“எந்த மடையன் நம்பரை மாத்தி மாட்டினான்?” என்று கத்தினேன்.

“நான்தான்” என்றார்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்ட வந்தபோது, மேஸ்திரி எட்டு எண் பலகைகளையும் அவர் கையில் திணித்து, “ஸ்க்ரூடிரைவர் உன்கிட்டதானே இருக்கு, இதையும் அப்படியே மாட்டிடுப்பா” என்றாராம். மாடிக்கு இரண்டு வீடு. படி ஏறி வந்து நிற்கும்போது இடது கைப்பக்கம் ஒற்றைப்படை, வலது கைப்பக்கம் இரட்டைப்படை. மூன்று மாடிக்கு அப்படியே மாட்டிவிட்டார். அதற்குள் லிஃப்ட்டுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டார்கள்.

“முதல் ஓட்டம். நான் மட்டும்தான் உள்ள. என் கையால மாட்டின லிஃப்ட்டு, சத்தமே இல்லாம நேரா நாலாவது மாடிக்கு ஏறுது. தலைகால் புரியல எனக்கு. வெளிய வந்து இடது கைப்பக்கம் ஏழாம் நம்பர மாட்டினேன். லிஃப்ட்டு படிக்கட்டுக்கு எதிர்ல இருக்கு, அதுல இருந்து வந்தா இடதும் வலதும் மாறிடும்னு எனக்கு உறைக்கவே இல்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்னைத் திட்டிடு தங்கச்சி. உனக்குத்தான் நல்லா வருமே.”

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்று எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தரகு வந்திருக்கும், பேர் கெட்டிருக்காது. எங்களுக்குத்தான் என்றைக்காவது ஒருநாள் வீடு கைவிட்டுப் போயிருக்கும். அந்த இரண்டு நாள் அவரைத் திட்டிய நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சரிசெய்ய ஒரே வழிதான். எங்கள் ஓனரும் மருந்துக்கடைக்காரரும் இரண்டு வீட்டையும் ஒருவர் பேரில் இருந்து மற்றவர் பேருக்கு மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். ஓனர் முதலில் குதித்தாலும், வேறு வழி இல்லாமல் சரி என்றார். மருந்துக்கடைக்காரர் ஏன் சம்மதிக்க வேண்டும்? அவர் பால்கனிக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்துச் சுவர். வெயில் இல்லை, காற்று இல்லை. சாலைப் பக்கத்து வீட்டுக்கு விலையும் அதிகம். அந்த வீடு அவருடையதுதான் என்று பத்திரமே சொல்கிறது. லிஃப்ட்காரர் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். “யோசிச்சுச் சொல்றேன்” என்று கதவைச் சாத்திவிட்டார் அவர்.

ஒரு வாரம் ஆயிற்று, பதில் இல்லை. போய் இரண்டில் ஒன்று கேட்டுவிடுகிறேன் என்று கிளம்பிய என்னை என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“அவரு வீட்டை அவரு கேட்டா அதுல என்ன தப்பு? அந்த வீடும் இதே மாதிரிதானே, திருப்பிப் போட்ட சட்டை மாதிரி. அதையே வாங்கிக்கலாம். நான் ஒருதரம் உள்ள நடந்து பாத்துட்டு வரேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் லிஃப்ட்காரரும் வந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்தார். ஆறு வருடம் கழித்து நேருக்கு நேர் என்னைப் பார்த்தவர், ஒதுங்கி வழிவிட்டார். அவர் மனைவி நாற்காலிகளை எல்லாம் ஓரமாக இழுத்துப்போட்டார்.

“யாரும் பிடிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் நடந்தார். ஏழு காலடி வைத்து, பழக்கத்தில் வலது கையை நீட்டினார். சுவர்தான் இருந்தது. சிரித்தார். “ஆமால்ல, இடது பக்கம்” என்று சொல்லித் திரும்பி வந்து மறுபடி நடந்தார். இந்த முறை படுக்கையறைக்குள் போய்க் கட்டிலில் முட்டியை இடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை சமையலறையைக் கண்டுபிடித்தார், தண்ணீர்ப் பானையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்காவது தடவை வேகமாகத் திரும்பியதில் நெற்றி நிலைப்படியில் படாரென்று மோதியது. புருவத்துக்கு மேலே ரத்தம் கசிந்தது.

“பரவால்ல, பரவால்ல. ரெண்டு மாசத்துல பழகிடும்” என்றார். அதை எனக்காகத்தான் சொன்னார். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நின்றேன். லிஃப்ட்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரர் உள்ளே போனார். பஞ்சும் மருந்தும் பிளாஸ்திரியும் கொண்டுவந்து என் வீட்டுக்காரரைச் சேரில் உட்கார வைத்து, தன் கையாலேயே துடைத்து ஒட்டினார். ஒட்டி முடித்துவிட்டு, “போதும் சார். விட்டா என் வீட்டு நிலைப்படிய உடைச்சிடுவீங்க போலிருக்கு” என்றார்.

“மன்னிச்சுக்குங்க சார், இன்னும் ஒரே ஒரு தடவை…”

“ஒரு தடவையும் வேணாம். உங்க வீட்டுல போய் நடங்க.” பிறகு லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார். “யோவ், எங்க கையெழுத்துப் போடணும்?”

லிஃப்ட்காரர் நொண்டிக்கொண்டே கிட்டே வந்தார். “சார், அந்த வீட்டுக்குத்தான் விலை ஜாஸ்தி. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?” என்று அந்த நேரத்திலும் குறையைத்தான் முதலில் சொன்னார் அந்த மனுஷன்!

“நானும் கடை வச்சிருக்கறவன்தான்யா. நஷ்டம்னு தெரியாதா? இருக்கட்டும்.”

“எனக்கும் இந்தச் சமையல்கட்டுலதான் கை பழகியிருக்கு. இந்த வயசுல இடம் மாறி, உப்பு எங்க, சீனி எங்கன்னு யாரு தேடறது?” என்றார் அவர் மனைவி.

நான் மருந்துக்கடைக்காரரைப் பார்த்துக் கும்பிட்டேன். “அந்தச் செருப்பு…” என்று ஆரம்பித்தேன்.

“ஒண்ணு மூணாவது மாடியில கிடைச்சுது. இன்னொண்ணு கிடைக்கவே இல்லம்மா” என்றார். ஆறு வருடக் கோபம் அந்த இடத்திலேயே சிரிப்பாகப் போய்விட்டது.

மாற்றி எழுதும் பத்திரத்தின் செலவு முழுவதும் தன்னுடையது என்று லிஃப்ட்காரர் ஒற்றைக் காலில் நின்றார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பதிவு அலுவலகத்தில் ஒரே நாளில் இரண்டு வேலையும் முடிந்தது. முதலில் ஓனரும் மருந்துக்கடைக்காரரும் மாற்றி எழுதிக்கொண்டார்கள், அதன் பிறகு எட்டாம் நம்பர் எங்கள் பேருக்கு வந்தது. என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின்மேல் அவர் விரலைக் கொண்டுபோய் வைத்தவர் மருந்துக்கடைக்காரர்.

“சாட்சிக்கு ரெண்டு பேர் வாங்க” என்றார் எழுத்தர். ஒருவர் மருந்துக்கடைக்காரரின் மனைவி. லிஃப்ட்காரரைத் தேடினால் ஆளைக் காணோம். வெளியே போய்ப் பார்த்தேன். வண்டிகள் நிறுத்தும் இடத்தில், ஒரு தூணில் சாய்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

“உள்ள வாங்கண்ணே. சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும்.”

“வேற யாரையாச்சும் போடச் சொல்லு தங்கச்சி. நான் செஞ்ச தப்புக்கு நானே சாட்சியா?”

எனக்கு வந்ததே கோபம்! “அந்த வீட்டுக் கதவைத் திறந்து எங்கள உள்ள விட்டது யாரு? நீங்க. இவருக்குக் கண்ணு போனப்ப எங்களத் தெருவுல நிக்கவிடாமப் பாத்துக்கிட்டது யாரு? நீங்க. மறைக்க முடிஞ்சத மறைக்காம வந்து சொன்னது யாரு? அது எங்க வீடுன்னு சொல்ல உங்கள விட்டா எனக்கு வேற யாருண்ணே இருக்கா? பேசாம உள்ள வாங்க.”

வந்தார். எழுத்தர் காட்டிய இடத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். பேனாவைக் கீழே வைத்ததும், என் வீட்டுக்காரர் மேசைமேல் தடவிக்கொண்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“முடிஞ்சுதுண்ணே” என்றார். “வாங்க, நம்ம வீட்டுக்குப் போகலாம்.”